அரிசி நத்தையைத் தேடி எண்ணூருக்கு

சனிக்கிழமை, காலை ஐந்தே கால் மணி.

ராயபுரம் ஸ்டேஷனில் நானும் என் மகள் பிலோமினாவும் எண்ணூர் போகும் பாசஞ்சர் வண்டிக்காகக் காத்து நிற்கிறோம். என் கையில் மூடி போட்ட எனாமல் தூக்கு. பிலோவின் கையில் ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு நத்தைக் கூடு. நத்தைக் கூடு என்றதும் மழைக்காலத்தில் சுவரில் ஊர்கிற நத்தையை நினைத்துக்கொள்ளாதீர்கள், குழந்தைகளே. இது ஒரு சம்பா அரிசி நீளம்தான். பாலில் தோய்த்து எடுத்த மாதிரி வெள்ளை. கோடு கிடையாது, மேடு பள்ளம் கிடையாது, தொட்டால் கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஒரு முனை ஊசியாக இருக்கும். அந்த முனை மட்டும் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

இந்த அரிசிக்காகத்தான் இந்தப் பிரயாணம். வண்டி வருவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ராயபுரம் கடற்கரையில், வலை உதறிப்போட்ட குப்பையில், பிலோ ஒரு முள்ளுருண்டையைப் பார்த்தாள். முள்ளுருண்டை என்பது கடலடியில் மணலில் ஊர்கிற ஒரு பிராணி. எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிது, சாத்துக்குடியைவிடச் சின்னது. உடம்பெல்லாம் முள். அவள் பார்த்தது பாதி நசுங்கிக் கிடந்தது. நசுங்காத பாதியில், முள்ளுக்கு நடுவே இந்த வெள்ளை அரிசி ஒட்டியிருந்ததாம். கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தபோது, நூல் மாதிரி ஒன்று உருண்டையின் உடம்புக்குள்ளேயிருந்து நீண்டு வந்து அறுந்ததாம். "அது வாயி, நைனா. உள்ள வுட்டுக் குடிச்சிக்கினு இருந்துச்சு" என்றாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் வரும் திங்கட்கிழமை பத்து மணிக்குப் பொருட்காட்சி. ஒவ்வொரு பெண்ணும் ஒரு பொருளைக் கொண்டுவந்து, பக்கத்தில் ஓர் அட்டையில் விவரம் எழுதி வைக்க வேண்டும். பிலோ எழுதிய அட்டை இது: "முள்ளுருண்டையின் மேல் குடியிருந்து அதன் ரத்தத்தைக் குடிக்கும் நத்தை." சயன்ஸ் டீச்சர் அதைப் படித்துவிட்டு, "நத்தை பாசி தின்னும், தழை தின்னும். இன்னொரு உயிர் மேல உக்காந்து ரத்தம் குடிக்க அது என்ன கொசுவா?" என்று கேட்டிருக்கிறார். வகுப்பே சிரித்துவிட்டது. அன்று முதல் என் மகளுக்குப் பேர் கொசு. டீச்சர் பொல்லாதவர் இல்லை. "பொருட்காட்சிக்குள்ள உயிரோட கொண்டாந்து காட்டு, அட்டை இருக்கட்டும். இல்லேன்னா, நானா நினைச்சு எழுதிட்டேன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டு அட்டையை எடுத்துடு" என்று சொல்லிவிட்டார்.

பிலோ அப்போது அழவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் நடந்ததைச் சொன்னபோதும் அழவில்லை. நான்தான் ஒரு தப்புக் கேள்வி கேட்டேன். "நீ நல்லாப் பாத்தியா, பிலோ?" என்றேன். அப்போதுதான் அழுதாள்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். துறைமுகத்தில் கிரேனுக்குக் கொடி காட்டுகிற வேலை. நத்தையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அவள் அழுததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு வாரம், வேலை முடிந்த கையோடு, அவளோடு ராயபுரம் கடற்கரையைச் சல்லடை போட்டுச் சலித்தேன். உருண்டைகள் கிடைத்தன, எல்லாம் நசுங்கினவை. கடைசியில் வலை காயவைத்துக்கொண்டிருந்த ஓர் ஆள் சொன்னார்: "குப்பையில தேடினா சட்னிதான் கெடைக்கும். எண்ணூர்ல கரவலை இஸ்துகினு கீறாங்க. வலை கரைக்கு வர்ற நேரத்துல நீ அங்க நிக்கணும்."

இதோ, வண்டி வந்துவிட்டது.

ஐந்து நாற்பது.

எனக்கு நாலணா, பிலோவுக்கு அரை டிக்கெட் இரண்டணா. ராயபுரத்திலிருந்து எண்ணூர் சுமார் ஒன்பது மைல். பெட்டியில் உப்பளத்துக்குப் போகிற ஆட்கள், தீப்பெட்டி ஆலைக்குப் போகிறவர்கள், காலி மீன்கூடைகள், அந்தக் கூடைகளின் வாசனை. எங்களுக்கு எதிரில் ஓர் அம்மாள், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், காலை மடக்கிக்கொண்டு வசதியாக உட்கார்ந்திருந்தார். பெயர் கன்னியம்மாள். எண்ணூர்க் குப்பத்தில் வீடு. காசிமேட்டில் தங்கை குழந்தைக்குக் காது குத்து, முடித்துவிட்டுத் திரும்புகிறார். இதெல்லாம் கொருக்குப்பேட்டை வருவதற்குள் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னா பாப்பா, தீப்பெட்டிய தொறக்கறே, மூடறே? பொன்வண்டா?"

"நத்தை, அக்கா."

"எங்க, காட்டு. அய்ய! இது அரிசி."

"அரிசி இல்ல. முள்ளுருண்டை மேல இருக்கும். அதோட ரத்தத்தக் குடிக்கும்."

கன்னியம்மாள் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நான் பாவாட கட்ன நாள்லேந்து மீன் பொறுக்கறேன். இப்டி ஒண்ண பாத்ததே இல்லியே?"

"நீங்க பாத்திருக்க மாட்டீங்க. ஆனா இருக்கு."

"வாய பாரு இதுக்கு!" என்று அந்த அம்மாள் பெட்டி அதிரச் சிரித்தார். "அண்ணாத்தே, ஒம் பொண்ணு கலெக்டராத்தான் ஆவும். இந்தா பாப்பா, அந்த உருண்ட கீது பாரு, அது ஒரே பேஜாரு. வலையில மாட்டிச்சின்னா முள்ளு நூல வுடாது. எங்க வூட்டுக்காரரு ஒடஞ்ச துடுப்பு ஒண்ணு தனியா வச்சிக்கினு கீறாரு. உருண்ட வந்துச்சா, ஒரே போடு! தூளு! அப்பால எப்டி நீ அரிசிய பாப்பே?"

பிலோவின் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னிக்கு எங்க வலதான் எறங்கிக்கீது. நீ வா. நான் சொல்றேன் அந்தாளுகிட்ட. அண்ணாத்தே, தூக்குல இன்னா, நல்ல தண்ணியா?"

"இல்லம்மா, காலி."

"காலியாவா வந்தே? எங்க ஊரு கெணத்துல வாய் வைக்க முடியாது, கரிப்பு. ரெயில் ரோட்டாண்ட ஒரு கெணறு கீது, ஒரு மைலு நடக்கணும். ஒவ்வொரு கொடமும் அங்கேந்துதான். அதனால எங்க வூட்டுக்கு வந்தவங்கள காலி ஏனத்தோட அனுப்பறதே இல்ல, தெரியுமா? ஒரு சொம்பு நல்ல தண்ணியாச்சும் ஊத்தித்தான் அனுப்புவோம்."

நான் "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் வெளியே பார்க்கத் தொடங்கினேன். அந்தப் பேச்சை ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால் அன்றைக்கு ஒரு பெரிய கஷ்டம் தப்பியிருக்கும்.

வெளியே பார்க்க நிறைய இருந்தது என்பதும் உண்மை. எண்ணெய்த் தொட்டிகள் வெள்ளி மாதிரி நின்றன. திருவொற்றியூரில் கோபுரத்துக்குப் பின்னால் வானம் சிவந்தது. ஆலைச் சங்கு ஊதியது. பெட்டியில் பாதிப் பேர் குதித்து இறங்கி ஓடினார்கள். அதைத் தாண்டினால் உப்பளம். கண்ணுக்கு எட்டிய மட்டும் கட்டம் கட்டமாகத் தண்ணீர், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வானம், கரையில் உப்புக் குவியல்கள். பிலோ என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நைனா, இங்கே எல்லாமே வெள்ளையா இருக்கு. நம்ம அரிசி கிடைச்சிரும்" என்றாள்.

ஆறு இருபத்தைந்து. எண்ணூர்.

ஸ்டேஷனிலிருந்து குப்பத்துக்கு ஒன்றரை மைல் மணல். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் கடல் சத்தம் வந்தது, பிறகு ஆட்களின் சத்தம் வந்தது. கரைவலையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். படகில் வலையை ஏற்றிக்கொண்டு போய், கடலில் பெரிய அரைவட்டமாகப் போட்டுவிட்டு, வலையின் இரண்டு கயிற்றையும் கரைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பிறகு ஒரு கயிற்றுக்கு இருபது பேர் என்று இரண்டு வரிசையாக நின்று, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்பக்கமாகவே நடந்து இழுப்பார்கள். வலையின் நடுவில் ஒரு நீண்ட பை உண்டு. அதற்கு மடி என்று பெயர். மீன் எல்லாம் அந்த மடியில்தான் வந்து சேரும்.

நாங்கள் போனபோது மடி அலைக்குள் வந்துவிட்டது. தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன் துள்ளியது. காக்காய்களும் பருந்துகளும் தலைக்கு மேல் கத்தின. வரிசையின் முன்னால், இடுப்பளவு தண்ணீரில், கையில் உடைந்த துடுப்போடு ஒருவர் நின்றார். அவர்தான் கன்னியம்மாளின் புருஷன் மாணிக்கம்.

"ஏ, அடிக்காத! அடிக்காத! அந்த உருண்டய அடிக்காத!" என்று கன்னியம்மாள் மணலில் ஓடிக்கொண்டே கத்தினார்.

"காது குத்தப் போனவளுக்கு இன்னாடி ஆச்சி? கொயந்தைக்குக் குத்தச் சொன்னா ஒனக்குக் குத்திட்டாங்களா?" என்றார் மாணிக்கம். இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

பள்ளிக்கூட விஷயத்தையெல்லாம் கேட்டதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாரும் இங்க மீன் வாங்க வருவாங்கோ. நீ முள்ளு வாங்கவா வந்தே, ஆபீசரே?"

நான் ஆபீசர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிலோ முந்திக்கொண்டாள். "நானே எடுத்துத் தரேன் மாமா. ஒரு கண்ணிகூட அறுக்க மாட்டேன்."

மாணிக்கத்தின் முகம் மாறியது. வலையின் ஒவ்வொரு சின்னக் கட்டத்துக்கும் கண்ணி என்று பேர். ஒரு கண்ணி அறுந்தால் அதன் வழியாகப் பத்துக் கண்ணி அறுந்துபோகும். அதைப் பின்னி முடிக்க அரைநாள் ஆகும். உருண்டையின் முள்ளை இழுத்தால் நூல் அறும். அடித்து நொறுக்கினால் நூலுக்குச் சேதம் இல்லை. அதனால்தான் துடுப்பு. இவர்கள் சும்மா அடிக்கவில்லை, குழந்தைகளே; அது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஒண்ணு அறுந்தாலும் துடுப்புதான். சரியா?" என்றார்.

"சரி."

மடியைக் கரையில் போட்டார்கள். நெத்திலி மலை மாதிரி சரிந்தது. உருண்டைகள் வலையின் ஓரங்களில் அங்கங்கே சிக்கியிருந்தன. உயிரோடு இருக்கும் முள்ளுருண்டையை நான் அன்றுதான் பார்த்தேன். எவ்வளவு அழகு! ஒவ்வொரு முள்ளிலும் சிவப்பு ஒரு வளையம், மஞ்சள் ஒரு வளையம், மாற்றி மாற்றி, யாரோ உட்கார்ந்து வர்ணம் தீட்டிய மாதிரி. முள் எல்லாம் மெதுவாக அசைந்தன. பிலோ ஈரத் துணியை விரித்து முட்டி போட்டு உட்கார்ந்து, கொண்டை ஊசியால் நூலை ஒவ்வொரு முள்ளிலிருந்தும் தூக்கித் தூக்கி விட்டாள். முதல் உருண்டைக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. மாணிக்கம் துடுப்பை ஊன்றிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். மூன்றாவது உருண்டை முடிந்தபோது துடுப்பை மணலில் போட்டுவிட்டு, அவரும் உட்கார்ந்து ஒன்றை எடுக்கத் தொடங்கினார். "இத்தினி வருசமா இது தெரியலியே" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

ஒரு கண்ணியும் அறவில்லை. மொத்தம் ஏழு உருண்டை. கடிகாரம் பழுது பார்க்கும் சிநேகிதர் ஒருவரிடம் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியை நான் இரவல் வாங்கி வந்திருந்தேன். ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை. மூன்று, நாலு, ஐந்து, ஆறு, எதிலும் இல்லை. ஏழாவதை எடுக்கும்போது எனக்குப் பார்க்கவே பயமாக இருந்தது. கண்ணாடியை பிலோவிடமே கொடுத்துவிட்டேன்.

"நைனா" என்றாள். "நைனா, ரெண்டு."

பார்த்தேன். இரண்டு வளைய முள்ளுக்கு நடுவே, உடம்போடு உடம்பாக, ஒரு பெரிய அரிசி. அதற்குப் பக்கத்திலேயே பாதி அளவில் ஒரு சின்ன அரிசி. இரண்டும் ஊசி முனையை வெளியே நீட்டிக்கொண்டு, தலையை உருண்டைக்குள் புதைத்துக்கொண்டு. நான் என்ன சத்தம் போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. கயிறு சுருட்டிக்கொண்டிருந்த இருபது பேர் அதைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

"இருக்கு, நைனா" என்றாள் பிலோ, நான் கேட்காமலே.

பத்து மணி.

மற்ற ஆறு உருண்டைகளையும் மாணிக்கமே கடலில் கொண்டுபோய் விட்டார். ஏழாவதைத் தூக்கில் கடல் தண்ணீரோடு வைத்து மூடி, கன்னியம்மாள் வீட்டு வாசலில் நிழலாகப் பார்த்து வைத்தேன். சாப்பிடாமல் போகக் கூடாது என்று அந்த அம்மாள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். பழைய சோறு, கொதிக்கக் கொதிக்க நெத்திலிக் குழம்பு. எங்களுக்குப் பரிமாறிவிட்டு அவர் வெளியே போய் ஏதோ கழுவுகிற சத்தம் கேட்டது. நான் இன்னொரு கை சோறு வாங்கிக்கொண்டேன். மத்தியானம் ஒன்று இருபதுக்கு வண்டி. எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கை கழுவி வந்து பிலோ தூக்கைத் திறந்தாள்.

தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவாக இருந்தது. உருண்டையின் முள் எல்லாம் தலை தொங்கிப் படுத்திருந்தன. தொட்டதும் நாலைந்து முள் உதிர்ந்தன. இரண்டு அரிசியும் அடியில் கிடந்தன. அசையவில்லை.

"ஷோக்கா கீதா?" என்று கன்னியம்மாள் சந்தோஷமாகக் கேட்டார். "ஒரே மண்ணும் கலீஜுமா இருந்துச்சு, கொட்டிட்டேன். உருண்டைய நல்லா அலசி, ரெண்டு சொம்பு நல்ல தண்ணி ஊத்தி வச்சேன். பட்டணம் போறவரைக்கும் தாங்கும்."

ஒரு மைல் தலையில் சுமந்து வந்த தண்ணீர். வீட்டுக் குடத்தில் மிச்சம் இருந்தது கால் குடம்தான்; நான் எட்டிப் பார்த்தேன். எனக்குக் கோபம் நெஞ்சு வரை வந்தது, தொண்டைக்கு வரவில்லை. ரெயிலிலேயே அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார், தலையாட்டியது நான்தான்.

பிலோதான் சொன்னாள், அழுகையை அடக்கிக்கொண்டு. "அக்கா, அது கடல்ல பொறந்தது. நல்ல தண்ணி அதுக்கு ஆவாது."

கன்னியம்மாளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு தூக்கைப் பார்த்தார், உதிர்ந்த முள்ளைப் பார்த்தார். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி, நல்ல தண்ணி ஊத்தியா சாவடிச்சேன்!"

தூக்கை எடுத்துக்கொண்டு கடலுக்கு ஓடினோம். தண்ணீரை மாற்றினோம். கொஞ்ச நேரம் பார்த்தோம். அரிசிகள் எழுந்திருக்கவில்லை.

பதினொன்றேகால்.

குப்பத்துக்கு வடக்கே, ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்துப் பக்கம், வேறொரு குப்பத்தார் வலை இழுப்பது புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. மாணிக்கம் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவனுங்களோட எங்களுக்குப் பேச்சு வார்த்த இல்ல. போன மாசம் கயிறு தகராறு."

கன்னியம்மாள் அதைக் கேட்க அங்கே இல்லை. புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் பிலோ. பிலோவுக்குப் பின்னால் தூக்கோடு நான். முக்கால் மைல் இருக்கும். மணல் அதற்குள் அடுப்பு மாதிரி சுட்டது. பாதி வழியில் என் செருப்பு அறுந்தது, எடுக்க நிற்கவில்லை.

நாங்கள் போனபோது மடி கரையில் கிடந்தது. ஒருவன் கட்டையை ஓங்கிவிட்டான். கன்னியம்மாள் ஓடின வேகத்தில் வலை மேலேயே விழுந்து, உருண்டையின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். கட்டை அந்தரத்தில் நின்றது.

"யோவ், மாணிக்கம் பொஞ்சாதிக்கு மறை கயண்டுகிச்சி! உருண்டைய கட்டிப் புட்ச்சிக்கினு அழுவுது!"

"சிரிடா, சிரி! அப்பால சிரி! இப்ப ஒருத்தனும் அடிக்கக் கூடாது. எங்க வூட்டுக்கு வந்த கொயந்த, என்னால அதுக்குப் பேரு கெட்டுடும். ஒங்க வலையில ஒரு கண்ணி அறுந்தா எங்க வூட்டுக்காரரு வந்து பின்னிக் குடுப்பாரு. போதுமா?"

கட்டையை ஓங்கியவன் மெதுவாகக் கையை இறக்கினான். "மாணிக்கம் வருவாரா? எங்க வலைய பின்ன?"

"வருவாரு. நான் சொல்றேன் இல்ல?"

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மாணிக்கமே வந்து நின்றார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "வர்றேன்" என்றார்.

பிலோவும் மாணிக்கமும் நூலை எடுத்துவிட்டார்கள். நான் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்பது உருண்டை. எட்டில் ஒன்றும் இல்லை. ஒன்பதாவதிலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். பன்னிரண்டேகால் ஆகிவிட்டது.

"குடு இங்க" என்றார் கன்னியம்மாள். கையெல்லாம் முள் குத்தி ரத்தப் புள்ளிகள். கண்ணாடி வேண்டாம் என்று தள்ளிவிட்டார். நெத்திலிக் குவியலில் ஒரு சின்ன இறாவைப் பத்தடி தூரத்திலிருந்து பார்க்கிற கண் அது. உருண்டையைத் தலைகீழாகத் திருப்பி, ஈரக் கையில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். நான் மேல் பக்கத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"அரிசி!" என்று கத்தினார். "அரிசி கீது! வாயாண்ட குந்திக்கினு கீது! பாப்பா, நீ சொன்னா மாறியே குந்திக்கினு குடிக்குது பாரு!"

இரண்டு குப்பத்து ஆட்களும் ஒரே வட்டமாகக் குனிந்து நின்று பார்த்தார்கள். கயிறு தகராறு யாருக்கும் நினைவில்லை.

ஒன்று பத்து. எண்ணூர் ஸ்டேஷன்.

கன்னியம்மாள் ஒரு செம்போடு ஸ்டேஷன் வரை வந்தார். தூக்கில் கடல் தண்ணீர், அதில் உருண்டை, உருண்டையில் அரிசி. அதில் ஊற்ற முடியாது. ஆனால் காலி ஏனத்தோடு அனுப்பவும் அவருக்கு மனமில்லை. "கைய காட்டு பாப்பா" என்றார். பிலோ இரண்டு கையையும் குவித்தாள். அந்த அம்மாள் நல்ல தண்ணீரை அதில் ஊற்றினார். பிலோ குடித்தாள். பிறகு நான் குடித்தேன். எந்தப் பிரயாணத்திலும் இவ்வளவு ருசியான தண்ணீரை நான் குடித்ததில்லை.

திரும்பும் வண்டியில் டிக்கெட் பரிசோதகர் தூக்கைத் திறக்கச் சொன்னார். பிலோ இரண்டு கையாலும் மூடியை அமுக்கிக்கொண்டு, "தண்ணி மாத்த மாட்டேன்னு சொன்னாத்தான் திறப்பேன்" என்றாள். அவர் பாவம், ஒன்றும் புரியாமல், "மாத்தலம்மா" என்று சத்தியம் பண்ணிவிட்டுப் பார்த்தார். பிறகு திருவொற்றியூர் வரை எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் அகலமான மண்தொட்டியில் உருண்டையை விட்டோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிலோ கோயிலிலிருந்து நேரே கடலுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மொத்தம் எட்டுத் தடவை மாற்றினோம். "வீட்டுல இருக்கிற மனுஷங்களுக்கு ஒரு தடவை இப்படித் தண்ணி எடுத்தாந்தா நல்லா இருக்கும்" என்று என் மனைவி சொன்னதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாள்.

திங்கட்கிழமை, பத்து மணி.

பிலோ தண்ணீருக்குள் தலைகீழாகத் திருப்பிப் பிடித்த உருண்டையை டீச்சர் எங்கள் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் குனிந்து பார்த்தார். "சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கலாம் இல்லையா? எடுத்துக் காட்டு" என்றார். பிலோ தலையாட்டி மறுத்துவிட்டாள். "எடுத்தா அதோட வாய் அறுந்துடும் டீச்சர். நீங்க பொறுமையாப் பாருங்க." டீச்சர் பார்த்தார். அரிசி மெல்ல ஒரு நூலிழை தூரம் நகர்ந்தது. அப்போது கூட்டுக்கும் உருண்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய குழாய் தெரிந்தது. டீச்சர் நிமிர்ந்தார். "பிள்ளைங்களா, எல்லாரும் வரிசையா வாங்க. பிலோமினா எழுதினது சரி" என்றார். பிற்பாடு அவரே எங்கேயோ ஒரு காலேஜிலிருந்து புஸ்தகம் தேடி எடுத்துப் படித்துவிட்டு வந்து, இந்த ஜாதி நத்தைக்குப் பல்லே கிடையாது, உறிஞ்சுகிற குழாய்தான் என்றும், சேர்ந்து இருக்கும் இரண்டில் பெரியது பெண், சின்னது ஆண் என்றும் பிலோவிடம் சொன்னாராம்.

அட்டை அப்படியே இருந்தது. அதன் கீழே பிலோ ஒரு வரி சேர்த்திருந்தாள்: "கண்டுபிடித்தவர், எண்ணூர் கன்னியம்மாள்."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உருண்டையையும் அரிசியையும் ராயபுரம் கடலில் விடப் போனோம். எண்ணூர் மாதிரி இல்லை எங்கள் கரை. எண்ணெய் வாசனை, கப்பல் புகை, வலைகளுக்கு நடுவே ஆயிரம் கால்கள். வலை உதறிக்கொண்டிருந்த ஓர் ஆள் கையில் முழு உருண்டை ஒன்று இருந்தது. பக்கத்தில் கட்டை கிடந்தது. ஆனால் அவர் அடிக்கவில்லை. உருண்டையைச் சூரியனுக்கு நேரே பிடித்து, தலைகீழாகத் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கறீங்க?" என்று பிலோ கேட்டாள்.

"எண்ணூர்லேந்து மீன்கூடக்காரிங்க சொல்லிக்கினு வந்தாங்கோ, பாப்பா" என்றார் அவர், கண்ணை எடுக்காமல். "அடிக்கறதுக்கு மின்னாடி அரிசி கீதான்னு பாக்கணுமாம். ரத்தம் குடிக்குமாமே? ஒனக்குத் தெரியுமா அது?"